உம்மாவின் இத்தாவில் வாசித்த நாவல்

புத்தகம் வாசிக்கிற பிள்ளை என்று சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே சில வருடங்கள் வாசித்தேன் என்று சொல்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்து இறுதி வருடத்துக்கு வந்து சேர்ந்தபோது, நாவல் ஒன்றைக் கையில் எடுத்தாலே கொட்டாவி வந்தது. அதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்கச் சந்தையில் மீன் வெட்டுகிறவன் வீட்டுக்கு வந்து மீன் கறியைப் பார்க்கிற மாதிரி ஓர் அலுப்பு.

எங்களுக்குத் தலைப்புகள் தரப்பட்டிருந்தன. கருப்பொருள், பாத்திர வார்ப்பு, மொழிநடை, உத்தி, சமூக நோக்கு. எந்த நாவலையும் இந்த ஐந்துக்குள் பிரித்துப் போட்டுவிடலாம். எங்களுக்கு முந்தியவர்களிடமிருந்து கைமாறி வந்த குறிப்புகளும் இருந்தன. போட்டோக்கொப்பியிலிருந்து போட்டோக்கொப்பி எடுத்து எடுத்து, பாதி எழுத்து மறைந்துபோயிருக்கும். அவற்றை மனப்பாடம் செய்தவர்கள் நல்ல புள்ளி எடுத்தார்கள். "நாவல வாசிச்சிட்டு எக்ஸாமுக்குப் போனா குழம்பிருவாய் மச்சான்," என்று கம்பஸ் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் நண்பன் சொல்வான். அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. நாவலை முழுதாக வாசித்துவிட்டுப் போன இரண்டு தடவையும் நான் குழம்பித்தான் போனேன்.

சின்ன வயதில் இப்படி இருக்கவில்லை. கடல் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, எங்கெங்கோ இருந்து பெட்டி பெட்டியாக வந்த புத்தகங்களால் நிரம்பிய வாசிகசாலை ஒன்று ஊரில் இருந்தது. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் முதல் பாகம் இல்லாத இரண்டாம் பாகங்கள், கடைசி அத்தியாயம் கிழிந்துபோன துப்பறியும் கதைகள், சமையல் குறிப்புகள், யாரோ ஒருவருடைய அறுபதாம் வயது நிறைவு மலர் என்று கலந்துகட்டி வந்திருந்தன. எல்லாவற்றையும் வாசித்தேன். கதை எப்படித் தொடங்கியிருக்கும், எப்படி முடிந்திருக்கும் என்று நானே யோசித்துக்கொள்வேன். என் வாழ்க்கையில் வாசிப்பு இனித்த காலம் அதுதான். யாரும் அதற்குப் புள்ளி போடவில்லை.

வாப்பா நெல் வாங்கி விற்கிறவர். அறுவடைக் காலத்தில் சாகாமம் பக்கத்து வயல் வட்டைகளிலேயே கிடப்பார். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். என் வாசிப்பில் அவருக்கு விளங்கிய பயன் ஒன்றுதான். ஒழுங்கையில் யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும், யாருடைய மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருந்தாலும், "என்ட மகன் வாசிச்சுச் செல்லுவான்" என்று கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். நான் வாசித்துச் சொல்வேன், அவர்கள் அப்படியே செய்வார்கள். வாப்பா பக்கத்தில் நின்று, தானே வாசித்தது போலத் தலையாட்டுவார். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி செய்வதுதான் படித்தவனின் வேலை என்று அந்த வயதிலேயே எனக்குள் ஊறியிருக்க வேண்டும்.

அதனால்தான் வாப்பாவுக்கு வயிற்று வலி வந்த காலையில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட அனுப்பினார்கள். டொக்டரோடு இங்கிலீஷில் கதைப்பான், தாள்களை வாசிப்பான் என்று. குடலில் அடைப்பு, பகலுக்குப் பிறகு ஒப்பரேஷன் என்றார்கள். கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டையைக் கட்டிவிட்டுப் போனார்கள். வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. வாப்பா தண்ணீர் கேட்டார். நான் அட்டையைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் ஓர் எழுத்தும் தெரியாத மனிதருக்கு அட்டையைக் காட்டினேன். "ஒப்பரேஷன் முடியட்டும் வாப்பா" என்றேன். பகல் லுஹருக்குப் பாங்கு சொல்ல முன்னமே, தியேட்டருக்குக் கொண்டுபோக முன்னமே, அவர் போய்விட்டார்.

பிறகு, கட்டிலைச் சுத்தம் செய்ய வந்த சிற்றூழியர் ஒருவர் வாப்பாவின் உதட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பஞ்ச நனைச்சு உதட்டில ஒத்தியிருக்கலாமே தம்பி," என்றார். குற்றம் சொல்கிற குரலில் அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். அட்டையில் அது எழுதியிருக்கவில்லை.

எங்கள் ஆட்களிடையே, உயிர் போகிறவரின் வாயில் தண்ணீர் விடுவது பெரிய விஷயம். வீட்டில் மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் இருந்தால் ஸம்ஸம், இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீர். கலிமாவைச் சொல்லிக்கொண்டு ஒரு துளி. ஜனாஸா வீட்டுக்கு வந்த பெண்கள் முதலில் விசாரித்தது அதைத்தான். உம்மாவின் சாச்சி மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசித் தண்ணி குடுத்தியா மகன்?" என்று கேட்டார். உம்மா பக்கத்தில் இருந்தார். "ஓம், குடுத்த," என்றேன். உம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

அந்தப் பொய்யோடுதான் உம்மாவின் இத்தா தொடங்கியது. புருஷன் இறந்தால் பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டிய நாலு மாதமும் பத்து நாளும். வெள்ளை உடுப்பு, நகை இல்லை, வீட்டுப் படி தாண்ட முடியாது, வெளி ஆண்கள் முன்னால் வர முடியாது. வீடு என் ராத்தாவின், மூத்த சகோதரியின், சீதன வீடு. எங்கள் பக்கம் வீடு பெண் பிள்ளைக்குத்தான். முன்பக்கத்தில் ராத்தாவும் மச்சானும் பிள்ளைகளும், பின்னால் இரண்டு அறையில் வாப்பாவும் உம்மாவும் நானும் என்று இருந்தோம். ராத்தா டீச்சர். பள்ளி, பிள்ளைகள், டியூஷன் என்று அவருக்கு மூச்சு விட நேரமில்லை. கம்பஸோ ஊழியர்களின் பணிப்பகிஷ்கரிப்பில் மூடிக் கிடந்தது. ஆக, உம்மாவோடு இருப்பதற்கு நான் ஒருவன்தான் மிச்சம்.

உம்மா அழவில்லை. ஒப்பாரி வைத்து அழக்கூடாது என்பது மார்க்கம். சத்தமில்லாமல் அழுவதற்குத் தடை எதுவும் இல்லை. அப்படியும் அவர் அழவில்லை. ஓதுவார், தொழுவார், இரண்டு பிடி சோறு சாப்பிடுவார், ஜன்னல் சீலையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வாப்பா எப்படிப் போனார் என்று ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். கேட்டால் இரண்டாவது தரமும் பொய் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை. உண்மையைச் சொன்னால் அவர் தாங்குவாரா என்றும் தெரியவில்லை. அந்த நான்கு மாதமும் நான் செய்த எல்லாமே அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொள்வதற்காகச் செய்ததுதான்.

அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையில் உள்ள பின்னேரம்தான் கஷ்டம். விசாரிக்க வந்த பெண்கள் போயிருப்பார்கள். டீவி போடுவதில்லை. அப்படி ஒரு பின்னேரம், உம்மாவின் அறை வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, என் ஆய்வுக் கட்டுரைக்காக எடுத்திருந்த ஐந்து நாவல்களில் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தும் பெண் பாத்திரங்களைப் பற்றியவை. தலைப்பை நான் தெரிவு செய்யவில்லை. எனக்கு அது விழுந்தது.

"என்ன வாய்க்குள்ள முணுமுணுக்காய்? சத்தமா வாசி, நானும் கேப்பம்," என்றார் உம்மா. ஜனாஸாவுக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. உடனே வாசிக்கத் தொடங்கிவிட்டேன். என்ன புத்தகம் என்று யோசிக்கவே இல்லை.

அது, ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தையல் தைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணின் கதை. புருஷன் லொறி ஓட்டுகிறவன். நடுப் புத்தகத்தில் அவன் செத்துப்போகிறான். மீதிக் கதை முழுக்க அவள் தனியாகக் கிடந்து அல்லாடுகிறாள். மூன்று தரம் வாசித்து, ஓரங்களில் பென்சிலால் "கைம்மை", "சமூக விமர்சனம்" என்றெல்லாம் குறித்து வைத்திருந்தேன். இத்தாவில் இருக்கும் உம்மாவுக்கு இதை வாசிக்கத் தொடங்கியவனை என்னவென்று சொல்வது. இரண்டு பக்கத்தில் உம்மாவுக்கு அலுத்துவிடும், எழும்பித் தொழுகைக்கு ஒளுச் செய்யப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

அலுக்கவில்லை. அடுத்த நாள் அஸர் தொழுதவுடன், "அந்தத் தையக்காரி என்ன செஞ்ச?" என்று கேட்டார்.

உம்மா கதை கேட்கிற விதம் எங்கள் விரிவுரைகளில் சொல்லித் தராத விதம். ஓர் அத்தியாயத்தில் அவள் மீன் வாங்கச் சந்தைக்குப் போகிறாள். அங்கே பழைய சிநேகிதியைச் சந்தித்து, பல விஷயம் கதைத்து, கனத்த மனதோடு வீடு திரும்புகிறாள். அந்தச் சந்தைக் காட்சியைப் பற்றி நான் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். உம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"மீன் எங்க?"

"என்ன மீன் உம்மா?"

"மீன் வாங்கத்தானே போன. வாங்கல்லயே. ராவைக்குப் புள்ளைக்கு என்னத்தக் குடுத்த?"

புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மீன் இல்லை. எழுதியவர் மறந்துவிட்டார். அதைப் பற்றிக் கட்டுரை எழுதியவர்கள், குறிப்பு எடுத்தவர்கள், குறிப்பைக் கொப்பி அடித்தவர்கள், நான் உட்பட ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. அவள் ஜன்னல் ஓரம் நின்று வெகுநேரம் யோசிக்கிற இடத்தில், "அவ்வளவு நேரமும் புள்ளய ஆரு பாத்த?" என்று கேட்டார். மழை அழகாகப் பெய்கிற இடத்தில், "தைக்கக் குடுத்த துணியெல்லாம் காயுமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதற்காகவே அடுத்த நாளும் வாசித்தேன். வாசிப்பு மறுபடி இனித்தது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கொட்டாவி வரவில்லை.

இதற்கிடையில் லொறிக்காரன் சாகிற பக்கம் நாளுக்கு நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. ஒரு பின்னேரம் பக்கத்தைப் புரட்டினேன், அந்த வரி முன்னால் நின்றது. உம்மா பாயில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டே, "மூன்றாம் நாள் காலையில் அவன் வீடு வந்து சேர்ந்தான்," என்று வாசித்தேன். அப்படி ஒரு வரி அங்கே இல்லை.

அதற்குப் பிறகு திரும்ப வழியில்லை. செத்துப்போன ஒருவனை ஒரு வரியில் உயிரோடு வைத்துவிடலாம். அவனை நாளும் பொழுதும் நடத்திக்கொண்டு போவதுதான் பாடு. மீதி நூற்றுச் சொச்சம் பக்கத்திலும் அவள் ஒற்றையாள். என் கையில் விரிந்திருக்கும் பக்கத்தில் அவள் வெள்ளைச் சேலையோடு மூலையில் உட்கார்ந்திருப்பாள். என் வாய் அவள் புருஷனுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும். காலையில் சோறு தின்கிற நேரத்திலேயே, பின்னேரம் அவனை என்ன சொல்ல வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். எழுத்துத் தமிழில் தடக்குப்படாமல் இட்டுக்கட்ட வேண்டும், அதுவும் வாசிக்கிற வேகத்தில். பின்னேரம் முடிந்தால் முதுகெல்லாம் வலிக்கும், நெல் மூட்டை தூக்கினவன் மாதிரி.

புருஷன்மாரைப் பற்றி எனக்கு என்ன தெரியும். ஒரே ஒரு புருஷனைத்தான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். நான் விரும்பியோ விரும்பாமலோ லொறிக்காரன் வாப்பாவைப் போல நடக்கத் தொடங்கினான். காற்று அடித்தால், "கதவச் சாத்துங்க, கடல் உள்ளுக்கு வந்திரும்," என்று பகிடி விட்டான். கடலுக்குத் தப்பிய வாப்பா சாகும்வரை சொன்ன பகிடி அது. அரிசியை வாயில் போட்டுக் கடித்து ஈரம் பார்த்தான். தேத்தண்ணீரில் சீனி கூடினால் உள்ளங்கை கடிக்கிறது என்று குறை சொன்னான். உம்மா இப்போது தையல்காரியைப் பற்றிக் கேட்பது குறைந்துவிட்டது. "இண்டைக்கு அவர் என்ன கதைச்ச?" என்றுதான் கேட்பார். லொறிக்காரன் எப்போது "அவர்" ஆனான் என்று நான் கவனிக்கவில்லை. உம்மா கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டார். ராத்தா என்னிடம் வந்து, "என்னத்தக் கதைக்கீங்க ரெண்டு பேரும்? உம்மாட முகம் கொஞ்சம் தெளிஞ்சிரிக்கி," என்றார்.

மூன்று கிழமை போயிருக்கும். ஒரு நாள் பின்னேரம் லொறிக்காரன் வாயைத் திறந்தான், சொல்வதற்கு ஒன்றுமில்லை. வாப்பா கதைத்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. இருபத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அவர் கதைத்தது மூன்று கிழமைக்குத்தான் போதுமாக இருந்தது. அவர் கதைத்த நேரமெல்லாம் நான் புத்தகத்துக்குள் இருந்திருக்கிறேன். "ம்" என்று சொல்லியிருக்கிறேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றைக்குத் தலையிடி என்று சொல்லி எழும்பிப் போய், கிணற்றடியில் நின்று அழுதேன். பிறகு வந்த நாட்களில் சொன்னதையே திரும்பச் சொன்னேன். கடல் உள்ளுக்கு வந்துவிடும் என்று அந்தப் பாவி எத்தனை தரம் சொல்லியிருப்பான். உம்மா ஒரு தரமும் "இது முந்தியே வந்திட்டே" என்று சொல்லவில்லை.

கம்பஸ் திறந்தது. மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர் என் மூன்றாம் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டுச் சிவப்பு மையால் ஓரிடத்தில் கோடு போட்டு, "இது எத்தனையாம் பக்கம்?" என்று எழுதியிருந்தார். கணவன் வீட்டுக் கதவைச் சாத்துமாறு கூறுவது ஆணாதிக்கக் குறியீடு என்று நான் எழுதியிருந்த இடம் அது. அவருக்கு முன்னால் நின்றுகொண்டு, "பிழையா விளங்கிட்டன் சேர்," என்றேன். பஸ்ஸில் வரும்போது நண்பனிடம் சொன்னேன். "நான் அப்பவே செல்லல்லயா, நாவல வாசிக்காத எண்டு," என்றான்.

இத்தா முடிய ஒரு நாள் இருந்தது. அடுத்த நாள் உம்மா குளித்து, நிற உடுப்பு உடுத்து, வெளியே வரலாம். சொந்தக்காரர்கள் வருவார்கள், சமையல் பெரிதாக இருக்கும், ராத்தா முன் வீட்டில் அதற்கான ஆயத்தத்தில் இருந்தார். நான் வழமை போலக் கதிரையைப் போட்டுப் புத்தகத்தை விரித்தேன். நாளைக்குப் பிறகு வாசிக்க வேண்டி வராது, கேள்வி வராமலே தப்பிவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு சின்ன நிம்மதி. அதை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் கோபம் வருகிறது.

உம்மா இந்த முறை சாயவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நாளையோட இத்தா முடியுது," என்றார். "அந்த லொறிக்காரன இனி மௌத்தாக்கு, மகன்."

நான் புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

"தேத்தண்ணில சீனி கூடினா உள்ளங்கை கடிக்கி எண்டு செல்ற ஆம்புள இந்த ஊரில ஒருத்தர்தான் இரிந்தார். அவர எனக்குத் தெரியாதா?"

"எப்ப உம்மா தெரிஞ்ச?"

"அவர் கதவச் சாத்தச் சொன்ன அண்டைக்கே."

"தெரிஞ்சா ஏன் ஒண்டும் செல்லல்ல?"

"செல்லியிருந்தா நீ நிப்பாட்டியிருப்பாய்." உம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "இப்ப அதில உள்ளத வாசி. உள்ளத உள்ளபடி."

பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த இடத்தில் புத்தகம் தானாகவே விரிந்தது. வாசித்தேன். "மூன்றாம் நாள் காலையில் லொறி கவிழ்ந்த செய்தி வந்தது. அன்று மாலையே அவனை அடக்கம் செய்தார்கள்." நிறுத்தினேன். உம்மா காத்துக்கொண்டிருந்தார்.

"மறுகா?"

"அடுத்தது ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்குது உம்மா. அவள் தைக்கிற இடம்."

"இவ்வளவுதானா?"

"ஓம். இவ்வளவுதான்."

"எழுதின ஆள் பக்கத்தில இரிக்கல்லப் போல," என்றார் உம்மா. பிறகு கையை நீட்டிப் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி, மூடி, பாயில் வைத்தார். "நீ இரிந்தாய்தானே. செல்லு."

நான்கு மாதமாக நான் ஓடி ஒளிந்த கேள்வி கடைசி நாளில் வந்து முன்னால் குந்திக்கொண்டது. கையில் விரித்து வைத்துக்கொள்ள எனக்கு ஒன்றுமில்லை. சொல்லத் தொடங்கினேன். த்ரீவீலில் வாப்பா என் தோளில் தலை வைத்து வந்ததைச் சொன்னேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தது, வெயில் முகத்தில் அடித்தது, என் சேட்டைக் கழற்றி மறைத்துப் பிடித்தேன் என்று சொன்னேன். டொக்டர் என்ன சொன்னார், நான் என்ன விளங்கிக்கொண்டேன் என்று சொன்னேன். அட்டையைப் பற்றிச் சொன்னேன். அதில் எழுதியிருந்ததை, எனக்கு மனப்பாடமாக இருந்தபடி, மூன்று மொழியிலும் சொன்னேன்.

"தண்ணி கேட்டார் உம்மா. நான் குடுக்கல்ல."

உம்மா பாயில் கிடந்த புத்தகத்தைத் தள்ளி வைத்தார்.

"கடைசித் தண்ணியும் குடுக்கல்ல. அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால பொய் சென்ன. பஞ்ச நனைச்சு வைக்கலாம் எண்டு எனக்குத் தெரியாது. கலிமா சென்ன. அது மட்டும்தான் செஞ்ச."

"எத்தின தரம் கேட்டார்?"

"மூணு தரம்."

"மூணாம் தரம் எப்பிடிக் கேட்டார்?"

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் உள்ளதை உள்ளபடி என்று கேட்டிருந்தார். "மூணாம் தரம் கேக்கல்ல உம்மா. என்ன மட்டும் பாத்தார்," என்றேன்.

உம்மா அழுதார். ஜனாஸா அன்றைக்கு வராத அழுகை, வெள்ளை முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். நான் கதிரையை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தேன். தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். "அட்டையில எழுதியிருந்தா நீ என்ன செய்வாய்" என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரு தாய் அப்படித்தான் சொல்வாள். புத்தகங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். வெகுநேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எண்டா குடுத்திருப்பன்," என்றார். "அட்டையும் பாத்திருக்க மாட்டன், ஆருக்கிட்டயும் கேட்டிருக்கவும் மாட்டன். குடுத்து, அதாலதான் அவர் மௌத்தான எண்டு டொக்டர் செல்லியிருந்தா, இப்ப நான்தான் உனக்கிட்ட ஒளிச்சிட்டு இரிந்திருப்பன்."